கொண்டை ஊசியில் ஆடுதா உங்க காரு?

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட்டும் கைக்கு வந்தாச்சு. அடுத்து என்ன? ஏற்காடுதான்! அஞ்சு பேர், நாலு பேக், ரெண்டு பாக்கெட் முறுக்கு, ஒரு ஸ்பீக்கர். சேலத்தைத் தாண்டி அடிவாரத்துல டீ குடிச்சிட்டு மலை ஏற ஆரம்பிக்கிறீங்க. முதல் வளைவு ஓகே. ரெண்டாவது ஓகே. மூணாவது கொண்டை ஊசியில வண்டி ஒரு பக்கமா சாயுது. பின்சீட்டுல மூணு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழ, "டேய்... மெதுவாடா!"ன்னு ஒரு கோரஸ்.

ஊருக்குத் திரும்பினதும் ஹாஸ்டல்ல பஞ்சாயத்து. "மச்சி, லோயரிங் ஸ்பிரிங் போடு. முன்னாடி ஒரு ஸ்ட்ரட் பார் போடு. அப்புறம் பாரு... வண்டி ரோட்டுல பல்லி மாதிரி ஒட்டிக்கும்!" சொல்றவன் கார் வெச்சிருக்கானான்னு பார்த்தா, இருக்காது. ஆனா உங்க மனசுல ஆசை விழுந்தாச்சு.

ஒரு நிமிஷம் பாஸ். பணத்தை எண்ணிக் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. எதை முதல்ல மாத்தணும், எதை அப்புறம் மாத்தணும், எதைத் தொடவே கூடாதுங்கற வரிசை தெரியாமப் போனா பர்ஸ் மட்டும் காலியாகாது. அதே ரோட்டுல பஸ் ஏறி வர்றவங்க, காப்பி எஸ்டேட் வேலைக்கு நடந்து போறவங்க, உங்க பின்சீட்டுல தூங்கிட்டு வர்ற ஃப்ரெண்டு... எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட மேட்டர் இது.

மலை என்ன கேட்குது?

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல 300 மீட்டரைக்கூடத் தொடாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி 1,600 மீட்டரைத் தாண்டுது. நடுவுல இருக்கிற சேலம் மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியா இன்னொரு ரோடும் இருக்கு. ஆனா பெரும்பாலான கேங் போறது இந்த 20 வளைவு வழியாத்தான்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. பயப்படாதீங்க, ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். ஒரு கொண்டை ஊசியோட ஆரம் 12 மீட்டர்னு வெச்சுக்குவோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்துல திரும்பினா, புவியீர்ப்பு முடுக்கத்துல கால் பங்கு அளவுக்கு வண்டி பக்கவாட்டுல இழுக்கப்படும். 25-ல் போனா 0.4 பங்கு. 30-ல் போனா கிட்டத்தட்ட 0.6 பங்கு! வேகம் ஒன்றரை மடங்குதான் ஆச்சு, இழுவை ரெண்டேகால் மடங்கு ஆயிடுச்சு. காரணம், வேகம் இந்தச் சூத்திரத்துல வர்க்கமா வருது.

காய்ஞ்ச ரோட்டுல நல்ல டயர் இதைத் தாங்கிடும். மழை பெஞ்சு, மேல மண்ணும் சில்வர் ஓக் இலையும் கிடந்தா? 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில இந்த மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னுது. அந்த மாதிரி நாள்ல 0.6 எல்லாம் பேராசை. இந்த இடத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே வித்தியாசம் தெரியும். பைசா செலவில்லாத அப்கிரேடு!

அந்த 150 கிலோ எங்க போகுது?

கார் திரும்பும்போது உள்பக்க டயர்கள் மேல இருக்கிற பாரம் குறைஞ்சு வெளிப்பக்க டயர்களுக்கு மாறும். எவ்வளவு? காரோட எடை 1,000 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவுல 1.45 மீட்டர் இடைவெளின்னு எடுத்துக்குங்க. 25 கி.மீ. வேகத்துல அந்த வளைவைத் திரும்பினா சுமார் 150 கிலோ பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கடினமான ஸ்பிரிங் போட்டா அந்த 150 கிலோ குறையும்னு நினைக்கிறோம். குறையவே குறையாது! ஸ்பிரிங் மாத்தினா பாடி சாயறது குறையும், அவ்வளவுதான். பாரம் மாறுறதைத் தீர்மானிக்கிறது எடை, உயரம், அகலம், வேகம் இந்த நாலும்தான். சரி, வண்டியை 3 செ.மீ. இறக்கினா? அதே கணக்குல 150 கிலோ 143 ஆகும். ஏழெட்டு கிலோ மிச்சம். இதுக்காக எவ்வளவு செலவு, எவ்வளவு ஸ்பீடு பிரேக்கர்ல அடி வாங்கணும்னு நீங்களே யோசிங்க.

அப்போ சஸ்பென்ஷன் அப்கிரேடு எல்லாம் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. நல்ல சஸ்பென்ஷனோட வேலை, நாலு டயரையும் ரோட்டோட ஒட்டி வெச்சிருக்கறது. ஒரு டயர் ரோட்டைத் தொடுற இடம் ஏறக்குறைய உங்க உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கையிலதான் உங்க கேங்கோட உயிர் நிக்குது. அதனால எந்தப் பார்ட்ஸ் வாங்கினாலும் ஒரே கேள்வி கேளுங்க: "இது அந்த நாலு உள்ளங்கையை ரோட்டுல வெக்குமா, இல்ல தூக்கிடுமா?"

முதல்ல மாஸ்டர் செக்கப்!

ஏழெட்டு வருஷம் ஓடின வண்டி ஆடுதுன்னா, பத்துக்கு எட்டு தடவை "அப்கிரேடு" தேவைப்படாது. தேய்ஞ்சதை மாத்தினாலே போதும். பட்டறைக்குப் போனா, வண்டியை லிஃப்ட்ல ஏத்திட்டு மெக்கானிக் அண்ணன்கிட்ட இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்க.

லோயர் ஆர்ம் புஷ்: ரப்பர் வெடிச்சிருந்தா, பிரேக் பிடிக்கும்போது சக்கரமே கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

லிங்க் ராட்: குண்டும் குழியுமான ரோட்டுல "டக் டக்"னு சத்தம் வருதா? பெரும்பாலும் குற்றவாளி இவன்தான். விலையும் கம்மி.

பால் ஜாயின்ட், டை ராட் எண்ட்: ஆட்டம் இருந்தா ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க. கழண்டா சக்கரம் உங்க பேச்சைக் கேட்காது.

ஸ்ட்ரட் மவுண்ட்: ஸ்டீயரிங் திருப்பும்போது "கட்"னு ஸ்பிரிங் உதைக்கிற மாதிரி சத்தம் வரும்.

ஷாக் அப்சார்பர்: எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பாருங்க. முன்பக்க ஃபெண்டரை அழுத்தி விட்டுப் பாருங்க. ஒரு தடவை மேல வந்து அமைதியாகணும். கப்பல் மாதிரி ரெண்டு மூணு தடவை ஆடினா ஷாக் ரிட்டயர் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

டயர்: பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரிச்சது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயசான ரப்பர் கெட்டியாயிடும், மழையில பிடிக்காது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழ போயிருந்தா மலையை மறந்துடுங்க. உள் ஓரம் மட்டும் தேய்ஞ்சிருந்தா அலைன்மென்ட் கோளாறு.

இதெல்லாம் சரி பண்ணி, அலைன்மென்ட் பார்த்து, டிரைவர் டோர் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற காத்து அழுத்தம் வெச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. "அட, இதுதான் நம்ம வண்டியா?"ன்னு தோணும். நிறைய பேருக்குக் கதை இங்கேயே சுபம்!

ரெண்டு வாட்டர் கேன் கொதிக்குது!

ஏறுறது ஜாலி. இறங்குறதுதான் பரீட்சை. அஞ்சு பேரோட உங்க கார் 1,350 கிலோன்னு வெச்சுக்குவோம். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு சுமார் 1,100 மீட்டர் இறக்கம். அந்த உயரத்துல சேர்த்து வெச்ச ஆற்றல் எல்லாம் எங்கேயாவது சூடா மாறித்தானே ஆகணும்? அந்தச் சூட்டுல 20 லிட்டர் வாட்டர் கேன் ரெண்டைக் கொதிக்க வெச்சுட்டு இன்னும் மிச்சம் இருக்கும். காத்தும் டயர் உராய்வும் கொஞ்சம் தின்னுடும். மீதியை நீங்க ரெண்டாவது கியர்ல இறங்கினா இன்ஜின் பெருமளவு வாங்கிக்கும். நியூட்ரல்ல இறங்கினா அவ்வளவும் பிரேக் தலையில!

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சற சாதி. புதுசா இருக்கிற டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா அந்தத் தரத்தோட குறைந்தபட்ச அளவே 155 டிகிரிதான். ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி வரும். நீங்க மிதிப்பீங்க, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. அதனால சஸ்பென்ஷனுக்கு முன்னாடி பிரேக் பேட், பிரேக் ஆயில். இந்த வரிசையை மாத்தாதீங்க, ப்ளீஸ்.

ஷாக்கும் ஸ்பிரிங்கும்: ஜோடிப் பொருத்தம்

செக்கப் முடிஞ்சும் ஆசை விடலையா? சரி, இப்போ ஷாப்பிங். முதல்ல மாத்த வேண்டியது ஷாக். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஷாக் அந்த ஸ்பிரிங்கோட ஆட்டத்தை அடக்கும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கி ஷாக்கைப் பழசாவே விட்டா, முரட்டுக் குதிரைக்கு நூல் கடிவாளம் போட்ட கதைதான். மேட்டுல ஏறி இறங்கினதும் ஸ்பிரிங் வேகமா விரியும், பழைய ஷாக்கால அதைப் பிடிக்க முடியாது, டயர் ஒரு கணம் ரோட்டை விட்டுக் குதிக்கும். அந்த ஒரு கணம் வளைவுக்கு நடுவுல வந்தா...

கடையில ரெண்டு வகை காட்டுவாங்க. ட்வின் ட்யூப்: ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய். விலை கம்மி, பயணம் சொகுசு. கம்பெனியிலிருந்து வர்ற சின்ன கார்கள்ல பெரும்பாலும் இதுதான். மோனோ ட்யூப்: ஒரே குழாய், உள்ள அதிக அழுத்தத்துல கேஸ். தொடர்ந்து வேலை செஞ்சாலும் சூடு சீக்கிரம் வெளியேறும், ஆயில் நுரைக்காது. விலை அதிகம், கொஞ்சம் கடினமாவும் இருக்கும். வெளிநாட்டுல கோனி, பில்ஸ்டீன், கே.ஒய்.பி.ன்னு பேர் பெற்ற கம்பெனிகள் இருக்கு. ஆனா பேரைப் பார்த்து வாங்காதீங்க. உங்க காரோட மாடல், வருஷம், இன்ஜின் மூணுக்கும் பொருந்துற பார்ட் நம்பர் இருக்கான்னு பாருங்க. டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட எடை அதிகம், முன்பக்க ஸ்பிரிங்கே வேற. "எல்லாத்துக்கும் செட் ஆகும் தம்பி"ன்னு யாராவது சொன்னா, ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க.

லோயரிங் ஸ்பிரிங் வாங்கியே தீருவேன்னா, இந்த மூணு விஷயத்தை மனசுல வெச்சுக்குங்க.

ஒண்ணு, நீங்க தனியா ஓட்டி டெஸ்ட் பண்ணும்போது சூப்பரா இருக்கும். அஞ்சு பேரும் பேக்கும் ஏறினா சுமார் 350 கிலோ. ஏற்கெனவே இறங்கின வண்டி இன்னும் இறங்கும். வளைவு நடுவுல ஒரு பள்ளம் வந்தா சஸ்பென்ஷன் கடைசி ரப்பரான பம்ப் ஸ்டாப்ல போய் முட்டும். அந்தக் கணத்துல அந்தப் பக்கம் திடீர்னு கல்லு மாதிரி ஆயிடும், டயர் வழுக்கும்.

ரெண்டு, பெரும்பாலான சின்ன கார்கள்ல முன்னாடி இருக்கறது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். வண்டியை ரொம்ப இறக்கினா லோயர் ஆர்ம் கோணம் மாறி, பாடி சாயற மையப்புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட அதிகமா கீழ போயிடும். விளைவு? சாயறதைக் குறைக்கத்தானே செலவு பண்ணோம், அந்தப் பலனையே ஒரு கை பார்த்துடும்.

மூணு, உயரம் மாறினா அலைன்மென்ட் மாறும். ஸ்பிரிங் போட்ட அன்னைக்கே அலைன்மென்ட் பார்க்கலைன்னா, ரெண்டே மாசத்துல புது டயரோட உள் ஓரம் மொட்டை.

நம்ம ஊரு ரோட்டுக்கும் ஸ்பீடு பிரேக்கருக்கும் என் ஓட்டு: கம்பெனி உயரமே இருக்கட்டும், ஷாக் மட்டும் ஒரு படி நல்லதா மாத்துங்க. சாயறதுல பெரிய மாற்றம் தெரியாது, ஆனா ஆடறது நிக்கும். பயமுறுத்துறது பெரும்பாலும் அந்த ஆட்டம்தான்.

ஸ்பிரிங்கை வெட்டாதீங்க, மாம்ஸ்!

"எதுக்கு காசு? ஒரு சுத்து வெட்டிடலாம்"னு சொல்ற பட்டறை எல்லா ஊர்லயும் ஒண்ணு இருக்கும். ஆறு சுத்து வேலை செய்யற ஸ்பிரிங்ல ஒண்ணை வெட்டினா கடினம் 20 சதவீதம் கூடும். அது சரி, ஆனா முனை வெட்டுப்பட்டதால ஸ்பிரிங் தன் இருக்கையில ஒழுங்கா உட்காராது. சக்கரம் குழியில தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நகரலாம். கேஸ் வெல்டிங்ல சூடு காட்டி இறக்குறது இன்னும் மோசம். எஃகுக்குக் கொடுத்த பதமே போயிடும், அப்புறம் அது எப்போ உடையும்னு யாருக்கும் தெரியாது.

ஸ்பிரிங் நடுவுல திணிக்கிற ரப்பர் பஃபரும் இதே ரகம்தான். அது ஒரு சுத்தை வேலை செய்யவிடாம அடைச்சுடும், பாரம் மத்த சுத்துகள் மேல விழும். தரை இடிக்குதுன்னு கவலைப்பட்டா, பழைய ஸ்பிரிங் தொய்ஞ்சிருக்கான்னு பாருங்க. தொய்ஞ்சிருந்தா கம்பெனி ஸ்பிரிங் ஜோடியா மாத்துங்க. இடது மட்டும் வலது மட்டும்னு மாத்தவே கூடாது.

ஆன்டி ரோல் பார்: நல்லவனா, கெட்டவனா?

இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற முறுக்குக் கம்பி இது. ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி இறங்கினா சும்மா இருக்கும். ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா முறுங்கி, சாயறதைத் தடுக்கும். சொகுசு பெருசாக் கெடாம சாய்வைக் குறைக்க இதுதான் நேர்வழி.

ஆனா ஒரு வில்லங்கம். முன்சக்கரம் இழுக்கிற கார்கள் பொதுவா வளைவுல மூக்கு வெளிப்பக்கம் போற மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க. பயந்து போய் காலை எடுத்தா வண்டி தானா வழிக்கு வரும். கத்துக்குட்டிக்கும் பாதுகாப்பு. பின்னாடி ஒரு தடிமனான பார் போட்டா மூக்கு டக்குனு திரும்பும், செம ஜாலியா இருக்கும். அதே கார் மழையில, இறக்கத்துல, வளைவு நடுவுல நீங்க காலை எடுத்தா வால் முன்னாடி வரப் பார்க்கும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். ஏற்காடு ரோடு அதைப் பிராக்டிஸ் பண்ற இடமா, சொல்லுங்க?

ஸ்ட்ரட் பார்: பந்தாவா, பலனா?

பானட்டைத் திறந்தா ரெண்டு ஸ்ட்ரட் டவருக்கும் நடுவுல பளபளன்னு ஒரு பார். பார்த்ததுமே ஆசை வரும். வேலை என்ன? திரும்பும்போது வெளிப்பக்க டவர் உள்பக்கம் தள்ளப்படும். அந்த நூலளவு நெளிவைத் தடுத்து, சக்கரத்தோட கோணத்தை அப்படியே வெக்கிறதுதான் இதோட வேலை.

மேட்டர் என்னன்னா, டவரும் இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கிற தடுப்புச் சுவரும் நெருக்கமா இருக்கிற கார்கள்ல கம்பெனிக்காரனே அந்த இடத்தைக் கெட்டியாத்தான் பண்ணியிருப்பான். அதுல பார் போட்டா ஸ்டீயரிங் கொஞ்சம் துல்லியமா தோணலாம், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. நிறைய ஓடின, பாடி தளர்ந்த பழைய ஹேட்ச்பேக்ல கொஞ்சம் கூடத் தெரியும். புஷ் போன வண்டியில பார் போடுறது, ஆடற பல்லுக்குத் தங்க முலாம் பூசுற மாதிரி.

வாங்கியே ஆகணும்னா இதைப் பாருங்க. பார் நேரா இருக்கணும். இன்ஜினைச் சுத்தி வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா, அழுத்தும்போது அந்த வளைவே ஸ்பிரிங் ஆயிடும். ரெண்டு முனையிலயும் டவர் மேல உட்காருற தகடு கனமா இருக்கணும். மெல்லிசுத் தகடு நெளிஞ்சா நடுவுல இரும்புத் தூணே வெச்சாலும் வேஸ்ட்.

அலுமினியமா, எஃகா? சேர்வராயன் மலையில வெட்டின பாக்சைட் ஒரு காலத்துல மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போச்சு. கீழ சேலத்துல எஃகு ஆலை. ரெண்டுமே நம்ம ஊரு சரக்குதான், அதனால பாரபட்சம் இல்லாம சொல்றேன்! ஒரே அளவு குழாய்னா எஃகு அலுமினியத்தைவிட கிட்டத்தட்ட மூணு மடங்கு விறைப்பு. எடையும் கிட்டத்தட்ட மூணு மடங்கு. அலுமினியத்துல வாங்கினா குழாய் தடிமனா இருக்கணும். ஸ்டெயின்லெஸ் பளபளப்புக்கும் விறைப்புக்கும் சம்பந்தமே இல்லை.

பானட் மூடும்போது இடிக்குதான்னு பாருங்க. டவர் நட்டுகளை கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சு முறுக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஒரு பக்கம் பலமா அடி வாங்கினா அந்த விசை பார் வழியா மறுபக்க டவருக்கும் போக வாய்ப்பு இருக்கு. அடிபட்ட வண்டி வாங்கினா ரெண்டு பக்கமும் பார்க்கணும்.

சேஸிஸ்ல வெல்டிங், ஓட்டை போடுறது? நோ. நெவர்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்றார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில இருக்கிற விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் செஞ்ச உரிமையாளருக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும்!

தேய்ஞ்ச ஷாக்கை அதே அளவுல புதுசா மாத்துறது ரிப்பேர். வண்டியோட உயரம், அமைப்பை மாத்துறது வேற கதை. எதைச் செஞ்சாலும் முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல தெரிவிச்சிடுங்க. சொல்லாம மாத்திட்டு விபத்து நடந்தா, கிளெய்ம் கேட்கும்போது அந்த மாற்றமே உங்களுக்கு எதிரா பேசும். வண்டி அப்பா பேர்லதானே இருக்கு? கோர்ட்டுக்கு அலையப் போறது யார்னு யோசிச்சுக்குங்க.

கையில 50,000 இருந்தா...

ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். நான் சொல்ற வரிசை இதுதான்.

1. பிரேக் பேட், பிரேக் ஆயில்.
2. நாலு நல்ல டயர். சைஸ் மாத்தாதீங்க.
3. புஷ், லிங்க் ராட், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுண்ட். தேய்ஞ்சது எல்லாம்.
4. அலைன்மென்ட், பேலன்சிங்.
5. நாலு ஷாக். முன்னாடி ஜோடி, பின்னாடி ஜோடி.
6. இன்னும் மிச்சம் இருந்தா, ஸ்ட்ரட் பார்.

ஒவ்வொரு படி முடிஞ்சதும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செஞ்சுது, எது சொதப்புச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. நாலாவது படியோட நிறுத்தினாலும் மானக்கேடு ஒண்ணும் இல்லை. மிச்சக் காசுல ஏற்காட்டுல ரெண்டு நாள் தங்கலாம், ஏரிக்கரையில மிளகாய் பஜ்ஜி சாப்பிடலாம்!

வேகம் வேணுமா? இடம் இருக்கு!

"எங்களுக்கு ஓட்டிப் பார்த்தே ஆகணும்"ங்கறீங்களா? தமிழ்நாட்டுப் பசங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். கோயமுத்தூர்க்காரர் எஸ். கரிவரதன் 1980-களோட கடைசியில, மாருதி 800 இன்ஜினை வெச்சே ஃபார்முலா மாருதி ரேஸ் காரை நம்ம ஊர்லயே செஞ்சு காட்டினவர். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்துல இறங்கின முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் ரேஸ் ஓட்ட ஆரம்பிச்சது அந்த ஃபார்முலா மாருதியிலதான். 1995-ல் கரிவரதன் ஒரு விமான விபத்துல இறந்துட்டார். அவர் பேர்ல செட்டிப்பாளையத்துல 2003-ல் வந்ததுதான் கரி மோட்டார் ஸ்பீட்வே. சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில 3.7 கி.மீ. தடம் 1990-லிருந்து இருக்கு. எதிர்ல பஸ் வராது, ஆம்புலன்ஸ் ரெடியா நிக்கும், ஓரத்துல பள்ளம் கிடையாது.

இன்ஜினியரிங் படிக்கறீங்களா? அப்போ இன்னும் லக்கி. 2007-லிருந்து நடக்குற பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா, கரி ஸ்பீட்வேயில நடந்து வர்ற ஃபார்முலா பாரத் மாதிரி மாணவர் போட்டிகள்ல, உங்க காலேஜ் டீமே ஒரு வண்டியை டிசைன் பண்ணி, வெல்டிங் அடிச்சு, ஓட்டிக் காட்டணும். சஸ்பென்ஷன் கோணம், ஸ்பிரிங் கடினம், சேஸிஸ் விறைப்பு எல்லாத்துக்கும் "ஏன் இப்படி?"ன்னு நடுவர் கேட்பார். "ஃப்ரெண்டு சொன்னான் சார்"னு அங்க பதில் சொல்ல முடியாது! அந்த டீம்ல ஒரு வருஷம் கிரீஸ் பூசிக்கிட்டா, கடைக்காரர் சொல்ற கதையில எது நிஜம், எது ரீல்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

அடுத்த தடவை மலை ஏறும்போது...

ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குற நீங்க ஒதுங்கி நில்லுங்க. இது மரியாதை மட்டும் கிடையாது, ரூலும் அதேதான். ஏறின கியர்லயே இறங்குங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடுங்க, நடுவுல பிரேக்கை மிதிக்காதீங்க. முடியில ஹார்ன். அரசு பஸ் வளைஞ்சு வரும்போது ரோடு முழுக்க அதுக்குத் தேவைப்படும், பொறுமையா நின்னு வழி விடுங்க. அந்த டிரைவர் அண்ணன் ஒரு நாளைக்குப் பல தடவை இந்த வளைவுகளைப் பார்க்கிறவர்.

கடைசியா ஒண்ணு. அடுத்த ட்ரிப்ல இருபதாவது கொண்டை ஊசியைத் தாண்டி, ஏரி கண்ணுல படும்போது பின்சீட்டைத் திரும்பிப் பாருங்க... வேண்டாம் வேண்டாம், கண்ணாடியிலயே பாருங்க! மூணு பேரும் வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கிட்டு இருந்தா, உங்க சஸ்பென்ஷனும் ஓகே, நீங்களும் ஓகே.

ஹேப்பி ஜர்னி, ஃப்ரெண்ட்ஸ்!